இந்தப் பந்திக்கு என்ன வரலை?

"மூணாம் தடவையும் திருப்பிட்டாங்கன்னா என் மவன் பிளேன் ஏறிருவான் சாமி" என்றார் தவசிக்கனி.

சாமி கொட்டாவி விட்டார்.

தேரிக்காட்டுக்கு மேற்கே, செம்மண் முடிந்து வாழைத்தோட்டம் தொடங்குகிற இடத்தில் இருந்தது அந்த மடம். நம்பாதவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். இப்போது அங்கே மடம் இல்லை என்பது வேறு விஷயம்.

கொட்டாவிச் சாமி என்றால்தான் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். வயது முப்பத்தைந்துகூட இருக்காது. சாமியாராவதற்கு முன் ஒரு சமையல் காண்ட்ராக்டரிடம் பந்தி விசாரிக்கிற வேலை. மண்டபம் கொள்ளாத கூட்டத்திலும் எந்த இலையில் உப்பு விழவில்லை என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிடுவார்.

ஒரு கல்யாணத்தில் ஊரே சாப்பிட்டுக் கைகழுவி வெற்றிலையும் போட்டுவிட்டது. மாப்பிள்ளை வரவே இல்லை. அது ஒருவர் கண்ணிலும் படவில்லை.

அன்றைக்குச் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு நடந்தவர்தான். நடை இந்த மடத்தில் வந்து நின்றது.

உபதேசம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. யார் வந்து எதைச் சொன்னாலும் கேட்டுக்கொண்டிருப்பார். ஏதோ ஓர் இடத்தில் கொட்டாவி வரும். வந்தவர் அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான். கோளாறு அங்கேதான் இருக்கும்.

சாதாரணக் கொட்டாவியும் இல்லை. சாமியிடமிருந்து மடத்து ஆட்டுக்குத் தொற்றும். ஆட்டிடமிருந்து வேப்பமரத்துக் காகத்துக்குப் போகும். காகம் கொட்டாவி விட்டுப் பார்த்தவர்கள் அந்தத் தாலுகாவில் மட்டும்தான் உண்டு.

தவசிக்கனிக்குக் கலக்கமாகிவிட்டது. விஷயத்தையே இன்னும் ஆரம்பிக்கவில்லை. முதல் வாக்கியத்திலேயே கொட்டாவி.

தவசிக்கனி வாழையிலை வியாபாரி. அறுபதை நெருங்குகிற வயது, கறுப்புச் சாயம் போட்ட மீசை. மடத்தில் பௌர்ணமி அன்னதானத்துக்கு இலை அவர் கடையிலிருந்துதான் போகும், காசு வாங்க மாட்டார். அந்த உரிமையில் சீடர். சாமியை விட இருபது வயதுக்கு மேல் மூத்த சீடர் என்பதால் சாமி அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

தவசிக்கனி சொன்னது இது. துபாயிலும் தோஹாவிலும் நம் ஊர் ஓட்டல்கள் வாழையிலைக்குத் தவம் கிடக்கின்றன. விமானத்தில் அனுப்பினால் இலை சோற்றை விட விலை அதிகமாகிவிடும். கப்பலில் அனுப்பினால் போய்ச் சேருவதற்குள் கருத்துவிடுகிறது. கப்பலில் போயும் பச்சையாக இறங்குகிற மாதிரி பதப்படுத்தி அனுப்ப ஒரு கொட்டகை போடவேண்டும். சிறு ஏற்றுமதியாளர்களுக்குக் கடன் தருகிற குழு ஒன்று இருக்கிறது. அதற்குத் திட்ட அறிக்கை எழுதவேண்டும்.

அறிக்கையில் எல்லாம் சரி. ஒரு பகுதிதான் தகராறு. உமக்கு முன்னால் இதைப் பற்றி யார் யார் என்னென்ன கண்டு எழுதியிருக்கிறார்கள் என்று சொல்லவேண்டும். முந்தைய ஆய்வுகள் என்று அதற்குத் தலைப்பு.

முதல் தடவை தவசிக்கனி ஒரே வரியில் முடித்துவிட்டார். இதுவரை இதைப் பற்றி யாரும் எழுதியதில்லை என்று. குழுத் தலைவர் சிவப்பு மையில் 'தேடிப் பார்க்கவும்' என்று எழுதித் திருப்பினார்.

இரண்டாம் தடவை தேடிப் பார்த்தார். மகன் சுயம்புவை விட்டு இணையத்தில் துழாவி, கிடைத்ததையெல்லாம் அச்செடுத்து, நாற்பது சொச்சம் பேரை வரிசையாக நிறுத்திவிட்டார். தலைவர் முழுவதும் படித்துவிட்டு ஒரே ஒரு சொல் எழுதினார்.

'அதனால்?'

மூன்றாம் தடவையும் திரும்பினால் அதற்குமேல் மனுப் போட முடியாது. வெள்ளிக்கிழமை குழு கூடுகிறது. ஞாயிற்றுக்கிழமை சுயம்புவுக்குத் துபாய் டிக்கெட். பையன் குளிர்பதன டிப்ளமோ படித்தவன். அங்கே ஏ.சி. மாட்டுகிற வேலை கிடைத்திருக்கிறது. கடன் வந்தால் இருக்கேன், வராட்டிப் போறேன் என்று பஸ்ஸைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டான். அவன் அம்மா கிளியம்மாள் முறுக்கு பிழிய ஆரம்பித்துவிட்டாள். ஒரு முறுக்குக்கு ஒரு தடவை மூக்கைச் சிந்துகிறாள்.

"படிங்க" என்றார் சாமி.

தவசிக்கனி அறிக்கையைப் பிரித்துப் படித்தார். கோயம்புத்தூர்ப் பேராசிரியர் இவ்வாறு கூறுகிறார். மேலும் திருச்சூர் ஆய்வாளர் இவ்வாறு கூறுகிறார். மேலும் கொழும்பிலிருந்து ஒருவர் இவ்வாறு கூறுகிறார். மேலும்.

மூன்றாவது 'மேலும்' வருவதற்குள் ஆடு படுத்துவிட்டது.

"இவங்கள்லாம் யாரு அண்ணாச்சி?"

"எழுதினவங்க சாமி."

"நல்ல மனுசங்களா?"

தவசிக்கனி யோசித்தார். "அது தெரியாது."

"நாளைக்கு எல்லாரையும் சாப்பிடக் கூப்பிடுங்க."

"அதுல கொஞ்சம் பேரு செத்துப்போயிட்டாங்க சாமி."

"நல்லதாப் போச்சு. மோர் மிஞ்சும்."

✽

மறுநாள் காலையில் மடத்துக் கூடத்தில் இலை விரித்தாயிற்று. தவசிக்கனியின் சொந்த இலை, நுனி இடப்பக்கம் பார்த்த தலைவாழை. ஒவ்வோர் இலைக்கும் பின்னால் மணையில் ஒரு கட்டுரை. பறக்காமல் இருக்க மேலே ஒரு கூழாங்கல்.

சாமி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன வரிசை இது?"

"அகர வரிசை சாமி. அறிக்கையில் இப்படித்தான் போட்டிருக்கேன்."

"உங்க கல்யாணப் பந்தியில இப்படித்தான் உக்கார வச்சீங்களா?"

தவசிக்கனி தன் கல்யாணத்தை அகர வரிசையில் நினைத்துப் பார்த்தார். அத்தான் அய்யாத்துரை ஓர் இலை. அவர்மேல் வரப்புக் கேஸ் போட்டிருந்த அருணகிரி பக்கத்து இலை. ரசம் வருவதற்குள் கொலை விழுந்திருக்கும்.

"ஆளு பார்த்துல்லா உக்கார வச்சோம். பேச்சுவார்த்தை உள்ளவங்களை ஒண்ணா. ஆகாதவங்களை எதிரெதிரா, கை எட்டாத தூரத்துல."

"அப்படியே செய்ங்க" என்று சொல்லிவிட்டுச் சாமி வெண்டைக்காய் நறுக்கப் போய்விட்டார்.

சொல்வது சுலபம். யாருக்கு யார் ஆகாது என்று தெரிந்தால்தானே. தவசிக்கனி ஒவ்வொரு கட்டுரையிலும் முதல் பத்தியைத்தான் படித்திருந்தார். அதிலும் பாதி சுயம்பு சொல்லக் கேட்டது.

சம்மணம் போட்டு உட்கார்ந்து முதல் கட்டுரையை முழுதாகப் படிக்க ஆரம்பித்தார். பாதி இங்கிலீஷ். அவருக்குத் தெரிந்ததோ சரக்குச் சீட்டு இங்கிலீஷ். புரியாத இடம் வந்தால் சுயம்புவுக்குப் போன் போட்டார். பையன் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான். அலுத்துக்கொண்டே விளக்கினான். அறுத்த பிறகும் இலை மூச்சு விடும்ப்பா, மூச்சு விட்டா சூடு வரும், அதைத்தான் சொல்லுதாரு என்றான். இன்னும் எத்தனை பேருப்பா இருக்காங்க என்று கேட்டான்.

மத்தியானத்துக்குள் கூடமே மாறிவிட்டது.

கோயம்புத்தூர்ப் பேராசிரியர் குளிர் ஒன்றே போதும் என்கிற கட்சி. திருச்சூர்க்காரர் கட்டுரை எழுதியதே அவரை மட்டம் தட்டத்தான். ஈரம் இல்லாத குளிர் இலையை முறுக வைத்துவிடும் என்று எட்டுப் பக்கத்துக்குக் கரித்துக்கொட்டியிருந்தார். இந்த இரண்டு பேரையும்தான் தவசிக்கனி தம் அறிக்கையில் நடுவில் ஒரு 'மேலும்' போட்டுக் கைகோத்து நிற்க வைத்திருந்தார். எடுத்து எதிரெதிரே வைத்தார். காற்றே இல்லை. ஆனாலும் திருச்சூர்த் தாள் கூழாங்கல்லைத் தூக்கி அடித்துவிட்டுப் படபடத்தது. ஆடு சாட்சி.

குளிரும் வேண்டாம், ஈரமும் வேண்டாம், மெழுகு பூசினால் போதும் என்ற பெங்களூர்க்காரரை இரண்டு பேருக்கும் எட்டாத மூலையில் உட்கார வைத்தார்.

இரண்டு பேர் எழுதியிருந்தது கொழும்புக்காரர் எழுதியதையே. வரி மாறாமல், அட்டவணை மாறாமல். பக்கத்து இலையில் கைபோட்டுச் சாப்பிடுகிற ஆட்கள். எழுப்பிவிட்டார்.

ஒருவர் வாழைப்பழத் தோலில் செருப்புக்குப் பாலிஷ் செய்வது பற்றி எழுதியிருந்தார். இன்னொருவர் வெற்றிலைக்காரர். சில பேர் எதற்கு வந்தார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. கூட்டம் காட்டக் கூப்பிட்டது. தாம்பூலம் கொடுத்து அனுப்புகிற மரியாதையோடு அவர்களைப் பைக்குள் வைத்தார்.

நாற்பது சொச்சம் இலையில் ஒரு கை விரலுக்குக் கொஞ்சம் கூடத்தான் மிஞ்சியது.

சாமி சோற்று வாளியோடு வந்து நின்றார்.

"எல்லாரும் வந்தாச்சா அண்ணாச்சி?"

"வந்தாச்சு சாமி."

சாமி கொட்டாவி விட்டார். தாடை கழன்றுவிடுமோ என்று பயப்படுகிற கொட்டாவி. ஆடு விட்டது. காகம் விட்டது. கூரையில் இருந்த பல்லிகூட வாயைத் திறந்து பிடி தவறி ரச வாளிப் பக்கத்தில் விழுந்தது. வாளிக்குள் விழாதது மடத்தின் புண்ணியம்.

தவசிக்கனி தலையைக் குனிந்துகொண்டார். பிறகு சட்டைக்குள் கையை விட்டு நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்தார். மடிப்பில் வியர்வை ஊறியிருந்தது.

"ஒருத்தங்க இருக்காங்க. கூப்பிடலை."

"ஏன்?"

"நான் செய்யப்போறதையே செஞ்சு தோத்தவங்க சாமி. இதே கொட்டகை. இதே கப்பல். சரக்கு மொத்தமும் கருத்துப்போச்சு. ஒளிக்காம எழுதிட்டாங்க. இவங்க பேரைப் போட்டா எவன் கடன் குடுப்பான்?"

"எத்தனை தடவை படிச்சீங்க?"

"நேத்துவரை இதை மட்டும்தான் முழுசாப் படிச்சிருந்தேன். மனப்பாடமே ஆயிட்டு."

சாமி சோற்று வாளியைக் கீழே வைத்தார். மூடி போட்டார். மூடிமேல் உட்கார்ந்துகொண்டார்.

பிறகு தாம்பாளத்தை எடுத்துத் தவசிக்கனி முன்னால் தள்ளினார். அதில் வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்புப் பழம்.

ஆகாத பங்காளியைப் பந்திக்குக் கூப்பிடுவது போன் போட்டு ஆகிற காரியம் இல்லை என்பது தவசிக்கனிக்குத் தெரியும். தாம்பாளத்தோடு வாசல் ஏறவேண்டும்.

✽

கிரேஸ் ஜெபமணி அம்மாள் துறைமுகப் பக்கம் மீன்வலைக் கடை வைத்திருந்தார். இலை ஏற்றுமதியைக் கைவிட்ட பிறகு தொடங்கிய கடை. கருக்காத சரக்காப் பாத்து எடுத்தேன் என்பார், யாராவது கேட்டால்.

தாம்பாளத்தைப் பார்த்ததும் கல்யாணமா என்று கேட்டார்.

கல்யாணம் இல்லை, உங்கள் கட்டுரைக்குச் சாப்பாடு என்றார் தவசிக்கனி. சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கிறுக்குத்தனமாக இருக்கிறது என்று அவருக்கே உறைத்தது. வேர்க்க வேர்க்க எல்லாவற்றையும் சொன்னார். குழு, மகன், டிக்கெட், சாமி, கூழாங்கல் எல்லாம்.

ஜெபமணி சிரிக்கவில்லை. வலையைச் சுருட்டி ஓரமாக வைத்தார்.

"அதை ஒருத்தர் படிச்சிருக்காரா? அச்சுப் போட்டவரே படிச்சாரான்னு எனக்குச் சந்தேகம்."

"மனப்பாடமாத் தெரியும்மா."

"எதுக்கு?"

"பயத்துல."

"நான் தப்புன்னு எழுதப்போறீகளா, இல்லை நானே இல்லைன்னு எழுதப்போறீகளா?"

தவசிக்கனி தாம்பாளத்தை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினார். நீட்டிய வேகத்தில் ஒரு பாக்கு உருண்டு வலைக்குள் போய்விட்டது.

"முதப் பந்தியா, ரெண்டாம் பந்தியா?" என்று கேட்டார் ஜெபமணி.

"முதப் பந்திம்மா. முதல் இலை."

அவர் வெற்றிலையை எடுத்துக்கொண்டார்.

✽

மறுநாள் குடையும் கையுமாக வந்து இறங்கியவர் கூடத்தைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

"எல்லாரும் தாளா உக்காந்திருக்காக. நான் ஒருத்திதான் ஆளா?"

உட்கார்ந்தார். சாமி பரிமாறினார். தாளுக்கும் பரிமாறினார், ஆளுக்கும் பரிமாறினார், பாகுபாடு பார்க்கவில்லை. தவசிக்கனி விருந்துக்கு அழைத்தவர் என்பதால் உட்காரக்கூடாது. இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தார்.

எல்லா இலைக்கும் எல்லாம் விழுந்த பிறகு சாமிக்குப் பழைய வேலை ஞாபகம் வந்துவிட்டது. வாளியை ஆட்டிக்கொண்டு கடைசி இலையிலிருந்து விசாரிக்க ஆரம்பித்தார். பந்தி விசாரிக்கிற எல்லாரும் கேட்கிற கேள்விதான்.

"இங்க என்ன வரலை?"

கோயம்புத்தூர் இலைக்கு முன்னால் நின்று கேட்டார். தாள் என்ன சொல்லும். தவசிக்கனிதான் சொல்லவேண்டியிருந்தது.

"குளிர் வந்திருக்கு சாமி. ஈரம் வரலை."

திருச்சூர் இலை.

"ஈரம் வந்திருக்கு. கப்பல்ல கிடக்க அத்தனை நாளு வரலை. நாலு நாள்தான் வச்சுப் பாத்திருக்காரு."

பெங்களூர் இலை.

"மெழுகு வந்திருக்கு. சாப்பிடுற ஆளு வரலை. மெழுகு பூசின இலையில சுடுசோறு போட்டா என்னாகும்னு அவரு பாக்கவே இல்லை."

கேட்கக் கேட்கத் தவசிக்கனியின் குரல் நிமிர்ந்துகொண்டே வந்தது. நேற்றுவரை இந்தப் பெயர்களைச் சொல்லும்போதெல்லாம் நீதிமன்றத்தில் நிற்பதுபோலக் கைகட்டி நின்றவர் அவர். இப்போது மாமன் மச்சானைப் பற்றிப் பேசுவது மாதிரி பேசினார். யாரிடம் என்ன இருக்கிறது, யாரிடம் என்ன இல்லை என்பது விரல்நுனியில் இருந்தது.

ஜெபமணி சாப்பிட்டுக்கொண்டே இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். சாமி அவர் இலைக்கு வந்தார்.

"உங்களுக்கு என்ன வரலைம்மா?"

"எனக்கு எல்லாம் வந்துச்சு. குளிர் வச்சேன், ஈரத்துணி சுத்தினேன், கப்பல்லயும் போட்டேன். ஏன் கருத்துச்சுன்னு மட்டும் இன்னைவரை வரலை."

தவசிக்கனி குனிந்தார். அப்பளம் வைத்திருந்த கூடை கையிலேயே இருந்தது.

"அம்மா, எங்க இருந்து கருத்துச்சு?"

"என்ன எங்க?"

"ஓரத்துல இருந்தா, காம்புல இருந்தா?"

ஜெபமணி கையில் எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்தார். இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. காப்பீட்டுக்காரரும் கேட்கவில்லை, துறைமுகத்திலும் கேட்கவில்லை.

"வெளிய பச்சைதான் அண்ணாச்சி. அதான் அங்க சரக்கு இறக்கினவன் நல்லாருக்குன்னு முதல்ல போன் பண்ணினான். பிரிச்சுப் பாத்தாத்தான் கரி. நடுவுல இருந்து. உள்ள இருந்து."

தவசிக்கனி நிமிர்ந்து பந்தியைப் பார்த்தார்.

கோயம்புத்தூர்க்காரர் இலையை ஒவ்வொன்றாகத் தட்டில் பரப்பி வைத்துப் பார்த்தவர். திருச்சூர்க்காரர் கொடியில் தொங்கவிட்டுப் பார்த்தவர். கொழும்புக்காரர் சதுரமாக நறுக்கி டப்பாவில் போட்டவர். எல்லாரும் அறைக்குள் எவ்வளவு குளிர் என்று அளந்திருந்தார்கள். கடைத்தெருவில் இலை எப்படிப் போகிறது? மடித்து, அடுக்கி, இறுக்கி, நாரால் வரிந்து, ஆள் தோளில் தூக்குகிற கட்டு. இத்தனை வருஷமாக அவர் கட்டித்தான் விற்றிருக்கிறார். மூச்சு விடுகிற இலையை இறுக்கிக் கட்டினால் மூச்சு எங்கே போகும்?

அப்பளக் கூடை நழுவி, ஒரு அப்பளம் பெங்களூர்க்காரர் மேல் விழுந்தது.

சாமி திரும்பி வந்துவிட்டார்.

"கடைசியாக் கேக்கேன் அண்ணாச்சி. இந்தப் பந்திக்கு என்ன வரலை?"

"கட்டு வரலை சாமி. ஒரு இலைக்கும் வரலை."

சாமி வாளியை வைத்தார். கை கழுவினார். திண்டில் தலையை வைத்துத் தூங்கிவிட்டார்.

✽

அன்று சாயங்காலம் தவசிக்கனி சொல்லச் சொல்ல சுயம்பு தட்டச்சு செய்தான். நாற்பது பேரை அடித்து விரல் வீங்கிய அனுபவம் இருந்ததால் ஆரம்பத்திலேயே முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்தான். பக்கத்து அறையில் பெட்டி, பெட்டிமேல் முறுக்கு டப்பா.

தவசிக்கனி கண்ணை மூடிக்கொண்டு, பந்தி வரிசையைப் பார்த்துப் பார்த்துச் சொன்னார்.

'குளிர் போதும் என்கிறார் கோயம்புத்தூர்ப் பேராசிரியர். ஈரமில்லாத குளிர் இலையைக் கெடுக்கும் என்று திருச்சூர் ஆய்வாளர் மறுக்கிறார். இருவரிடமும் நியாயம் உண்டு. ஆனால் இருவரும் பார்த்தது தனி இலையை. கப்பலில் போவது தனி இலை அல்ல, கட்டு. கட்டாக அனுப்பிப் பார்த்து, நடந்ததை மறைக்காமல் எழுதியவர் ஒருவர்தான். கிரேஸ் ஜெபமணி. குளிரும் ஈரமும் சேர்த்துக் கொடுத்தும் அவருடைய சரக்கு கருத்தது. வெளியிலிருந்து அல்ல, கட்டின் நடுவிலிருந்து என்று நேரில் கேட்டபோது சொன்னார். கட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதை இதுவரை யாரும் பார்க்கவில்லை. இந்தத் திட்டம் அங்கிருந்து தொடங்குகிறது.'

தட்டுகிற சத்தம் நின்றிருந்தது.

கண்ணைத் திறந்து பார்த்தால் பையனைக் காணோம். புறவாசலில் மறுநாள் சந்தைக்குக் கட்டிவைத்த இலைக்கட்டின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். முழங்கை வரைக்கும் கை கட்டுக்குள் இருந்தது.

ஏல, என்ன செய்த என்று தவசிக்கனி கேட்டார்.

ஒண்ணுமில்லப்பா என்றான் சுயம்பு. திரும்பி வந்து கையைத் துடைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து அடித்தான். ராத்திரிச் சாப்பாட்டில் தோசையைப் பிட்டுவைத்துவிட்டுப் புறவாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். ஊரை விட்டுப் போகிற பிள்ளைக்கு மனசு கனத்திருக்கும் என்று கிளியம்மாள் இன்னும் இரண்டு தோசையை வைத்து அழுத்தினாள்.

✽

வெள்ளிக்கிழமை சுயம்புதான் பைக்கில் கொண்டுவந்து விட்டான். வெளியே நிற்கேன், நீங்க போங்க என்றான்.

குழுவில் மூன்று பேர். தலைவர் நடுவில். திருப்பி அனுப்புகிற முத்திரை அவர் வலது கைப்பக்கம், மைப்பெட்டி திறந்தபடி. இந்த மனிதரை இதற்குமுன் இரண்டு தடவை பார்த்தபோதும் தவசிக்கனிக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. இன்று ஒட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, சாய்ந்தே உட்கார்ந்தார்.

தலைவர் நேரே அந்தப் பகுதிக்குப் போனார். பக்கத்தைப் புரட்டினார். பின்னால் ஏதாவது விட்டுப்போயிற்றா என்று தேடினார்.

"நாப்பது பேரு இருந்தாங்களே. எங்க?"

"சம்பந்தம் இருக்கவங்க மட்டும் இருக்காங்க ஐயா."

தலைவர் படித்தார். ஓரிடத்தில் புருவம் ஏறியது.

"இதே வேலையைச் செஞ்சு தோத்தவங்களை நீரே முன்னால கொண்டாந்து நிறுத்தியிருக்கீரு."

"ஆமா ஐயா. அவங்க எந்திரிச்ச இடத்துலதான் நான் உக்காரப்போறேன்."

பக்கத்தில் இருந்தவர் கணக்குத் தாள்களை எடுத்து நீட்டினார். தலைவர் வாங்கவில்லை. மறுபடியும் அதே பக்கத்தைப் படித்தார். ஒரு வரியில் விரலை வைத்து, விரலை எடுக்காமலே கண்ணாடியைக் கழற்றினார். முத்திரை இருந்த பக்கம் அவர் கை போகவே இல்லை.

"சரி, கட்டுக்குள்ள எவ்வளவு சூடு ஏறும்?"

தவசிக்கனி வாயைத் திறந்தார்.

"கட்டுக்குள்ள கையை விட்டுத்தான் பாத்தேன் சார், கருவி இல்லை" என்று கதவுப் பக்கமிருந்து ஒரு குரல் முந்திக்கொண்டது. வெளியே நிற்கிறேன் என்று சொன்ன சுயம்பு, பைக் சாவியை விரலில் மாட்டியபடி உள்ளே வந்திருந்தான். "அடுத்த மாசக் கடைசியில அளந்து சொல்லுதேன்."